டெக்சாஸ் ஆற்றில் நான் விட்ட தாலி

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். நோட்டை எடுத்து முதல் வரி எழுதுவேன். அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து எழுந்து போய்விடுவேன். திரும்பி வந்து பார்த்தால் எழுதின வரி எனக்கே பிடிக்காது. பத்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது, அது ஒரு காரணம். வெட்கம் பெரிய காரணம். புருஷன் கட்டின தாலியைத் தன் கையாலேயே ஆற்றில் விட்டவள் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற வெட்கம். இப்போது முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் பைப்லைன் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள், அப்போது பதிமூன்று வயது. அந்த வருடம் அவருடைய அக்கா பெருந்துறைப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார்கள். நான் அவர்களை அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணியின் வீட்டுக்காரர் தவறி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது.

ஆடிப் பதினெட்டு அந்த முறை சனிக்கிழமையில் வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஆற்றுக்குப் போய்க் கும்பிட்டு, பழைய தாலிக்கயிற்றை எடுத்துவிட்டுப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, கரையிலேயே உட்கார்ந்து கலந்த சாதம் சாப்பிட்டுவிட்டு வருவோம். கேட்டியில் ஆறு ஏது? வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் போகிற சிமெண்ட் வாய்க்கால்தான். வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அதையே காவேரியாக நினைத்துக் கும்பிட்டுக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் மட்டும் ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும் என்று அடம் பிடித்தேன்.

காரணம் இருந்தது. அவர் கழுத்தில் ஒரு கட்டி. ஷேவ் பண்ணும்போது அவர்தான் முதலில் பார்த்தார். செவ்வாய்க்கிழமை ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை டாக்டரே போன் செய்து முடிவைச் சொல்வதாக ஏற்பாடு. அண்ணிக்கும் மகளுக்கும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தோம். சாமி அறையில் உட்கார்ந்தால் மனம் நிற்கவில்லை. எழுந்து நடந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. ஆற்றங்கரையில் கயிறு மாற்றிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எப்படியோ எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது.

அவர்தான் அந்த ஊரைக் கண்டுபிடித்தார்.

"ஐ-டென் ஃப்ரீவேல நேரா மேக்கால ஒன்னரை மணி நேரம் டிரைவ். ரொம்பப் பழைய ஊரு. கோர்ட் ஹவுஸ், அதைச் சுத்திக் கடைவீதி, சனிக்கிழமை சந்தை. பின்னாடியே ஆறு. உனக்கு ஆறு, எனக்கு ஊரு, போதுமா?"

மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "இட்ஸ் எ ஹண்ட்ரட் அண்ட் த்ரீ டிகிரீஸ் அவுட்சைட், அம்மா" என்றாள்.

புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், வெல்லம் போட்ட காப்பரிசி எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். புளிசாதத் தூக்கை அண்ணி வழி நெடுக மடியிலேயே வைத்திருந்தார்கள். கீழே வைத்தால் அமெரிக்காக்காரன் கார் ஆட்டத்தில் எண்ணெய் வழிந்துவிடுமாம்.

ஆறு எங்கள் கணக்குக்குச் சின்னதுதான். மழை இல்லாமல் தண்ணீர் இறங்கி, நடுவில் மணல் திட்டுத் தெரிந்தது. ஓரத்தில் முழங்கால் ஆழம், செம்மண் நிறம், ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது. படகு இறக்குகிற சிமெண்ட் சரிவு ஒன்று கரையிலிருந்து தண்ணீருக்குள் போனது. அங்கே இலை விரித்தேன். அண்ணி மேலேயே பீக்கன் மரத்தடியில் நின்றுவிட்டார்கள்.

"வாங்கண்ணி, கால நனைச்சுக்கலாம்."

"நீ கும்புடு அம்மிணி. கயிறு மாத்தற எடத்துல எனக்கு என்ன வேல? நான் இங்கயே நெழல்ல இருக்கறேன்."

நான் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. அதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்பதால் முதலில் புதுக் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டுக்கொண்டேன். பிறகு பழைய கயிற்றை அவிழ்த்து, தாலியையும் இரண்டு குண்டுமணியையும் உருவினேன். மஞ்சளில் பிடித்த பிள்ளையாருக்கு முன்னால் அவற்றை இலையில் வைத்து, மேலே சாமந்தி தூவினேன். பழைய கயிற்றைச் சுருட்டிக் குங்குமச் சிமிழில் போட்டு வைத்தேன். சூடம் காட்டிக் கும்பிட்ட பிறகு எடுத்துப் புதுக் கயிற்றில் கோத்துக்கொள்ள வேண்டும். பழைய கயிற்றைப் பூவோடு இலையில் வைத்துத் தண்ணீரில் விட வேண்டும். அதுதான் முறை.

சூடத்தை இலையிலேயே ஒரு வெற்றிலை மேல் வைத்துப் பற்ற வைத்தேன். கண்ணை மூடி, "என் வீட்டுக்காரர் கழுத்தில் இருக்கிறது ஒன்றுமில்லாமல் போகட்டும் தாயே" என்று சொல்லி முடிப்பதற்குள் மேலேயிருந்து ஒரு குரல். திரும்பினால் ஒரு அதிகாரி. காக்கிச் சட்டை, பெரிய தொப்பி.

"மேம், யூ காண்ட் ஹாவ் எ ஃபயர் ஹியர்."

மழை இல்லாததால் அந்தப் பக்கம் முழுவதும் திறந்த வெளியில் தீ மூட்டத் தடை போட்டிருந்தார்களாம். பர்ன் பேன் என்பார்கள். கோபமாகச் சொல்லவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார். ஆனாலும் அணைக்கச் சொல்கிறார். சூடத்தை வாயால் ஊதி அணைப்பதா? என் வாழ்க்கையில் நான் அப்படிச் செய்ததில்லை. கையால் விசிறினேன், இன்னும் நன்றாகப் பிடித்து எரிந்தது. அவர் சரிவில் இறங்கி வர ஆரம்பித்தார். நான் இலையை இரண்டு கையாலும் அப்படியே தூக்கித் தண்ணீரில் விட்டுவிட்டேன்.

இலை மூன்று நான்கு அடி போய்ச் சாய்ந்தது. நெருப்பு சுர்ரென்று அணைந்தது. பூ தனியாக மிதந்தது. அதிகாரி தொப்பியைத் தொட்டு நன்றி சொன்னார். என் வீட்டுக்காரர் நாலு தடவை சாரி சொன்னார். அதிகாரி போன பிறகு மகள், "அம்மா, யூ ஆல்மோஸ்ட் காட் அரெஸ்டட்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவரும் மகளும் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்கள். தாலியைக் கோத்துக்கொண்டு வருகிறேன் என்று நான் பின்தங்கினேன். தாலியும் குங்குமச் சிமிழில்தான் இருக்கிறது என்ற நினைப்பில் அதைத் திறந்தேன். பழைய கயிறுதான் சுருண்டு கிடந்தது. அப்போதுதான் இலையில் பூவுக்கு அடியில் எது இருந்தது என்று ஞாபகம் வந்தது.

தண்ணீரைப் பார்த்தேன். இலை போன இடமே தெரியவில்லை.

"என்ன புள்ள, வரலியா? சந்தை ரெண்டு மணிக்கு மூடிருவாங்க" என்று அவர் மேலேயிருந்து கூப்பிட்டார்.

"வந்துட்டனுங்க" என்றேன். புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினேன்.

சொல்ல வாய் வரவில்லை. திங்கட்கிழமை முடிவு வரப்போகிற மனுஷனிடம், சனிக்கிழமை தாலி ஆற்றோடு போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அது நடந்துவிடும், சொல்லாவிட்டால் இன்னும் நடக்கவில்லை என்பது போல இருந்தது.

ஊர் அழகான ஊர்தான், குறை சொல்லக் கூடாது. நடுவில் மணிக்கூண்டோடு கோர்ட் ஹவுஸ். அதைச் சுற்றி நாலு பக்கமும் செங்கல் கட்டடங்கள். அந்தக் காலத்தில் விவசாயிகள் பருத்தியும் மாடும் கொண்டுவந்து விற்ற சதுக்கமாம். இப்போது பீச் பழம், தேன், ஊறுகாய், பழைய பால் கேன், துருப்பிடித்த குதிரை லாடம் விற்கிறார்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் அதன் கதையை எழுதிப் பதித்த இரும்புப் பலகை இருந்தது. என் வீட்டுக்காரர் ஒன்றைக்கூட விடவில்லை. நின்று நிதானமாக வாசித்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்ந்தார். எனக்கோ நிற்க முடியவில்லை. அவர் ஒரு பலகை படித்து முடிப்பதற்குள் நான் அந்தத் தெருவின் கோடி வரை போய்த் திரும்பிவிடுவேன்.

"இங்க பாருக்கா, இந்தக் கட்டடத்துல மொதல்ல கோவேறு கழுதை வித்துட்டு இருந்தாங்களாம்."

"அப்பா, நோபடி கேர்ஸ் அபவுட் மியூல்ஸ்" என்றாள் மகள்.

"என்னடா சொல்றா?" என்று அண்ணி கேட்டார்கள்.

"கழுதையப் பத்தி யாருக்கும் அக்கறை இல்லையாம்க்கா."

"அவளுக்கு என்ன தெரியும்? ஒன்னை வளத்தவ எனக்கல்ல தெரியும் அந்தக் கஷ்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மணிக்கூண்டைப் பார்த்தேன். பன்னிரண்டேகால். இந்நேரம் தண்ணீர் எவ்வளவு தூரம் உருட்டிக்கொண்டு போயிருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆற்றுக்கு ஓடினேன். கடைவீதிக்குப் பின்னால் ஐந்து நிமிட நடைதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி மணலைக் கையால் துழாவினேன். கூழாங்கல்தான் வந்தது. ஈரக் காலோடு திரும்பி வந்து, குழாயில் முகம் கழுவினேன் என்றேன்.

கோர்ட் ஹவுஸ் புல்தரையில் சாப்பிட உட்கார்ந்தோம். நான் பரிமாறுகிறேன் என்று எழுந்தேன், தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்தேன், ஊறுகாயைக் காரில் வைத்துவிட்டேன் என்று எழுந்தேன். ஊறுகாய் பையிலேயே இருந்தது.

"என்ன அம்மிணி, கால்ல சக்கரமா கட்டியிருக்கற? ஒரு எடத்துல உக்கார மாட்டயா?"

"வெயிலுங்கண்ணி."

"வெயிலுன்னா நெழல்ல உக்காரோணும். நீ வெயிலுக்குப் பொறகாலயே ஓடிட்டு இருக்கறே."

மறுபடியும் பாத்ரூம் என்றேன். மறுபடியும் ஆற்றில் இறங்கினேன். குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது தலைப்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது. அதைப் பிழிந்து நிமிர்ந்தால், கரையில் அண்ணி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பார்வை என் கழுத்தில், மஞ்சள் துண்டு மட்டும் தொங்குகிற கயிற்றில் இருந்தது.

"எங்க அது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இலையோடு விட்டதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், முடியவில்லை. கட்டியைப் பற்றி, ஊசியைப் பற்றி, திங்கட்கிழமையைப் பற்றி எல்லாம் கொட்டிவிட்டேன். "நானே அவர் உயிரைத் தண்ணியில விட்டுட்டனுங்கண்ணி" என்றேன்.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டினார்கள், ஆனால் தாலிக்காக இல்லை.

"என்ற தம்பி கழுத்துல கட்டி. அவங்கூடப் பொறந்தவ, ஒரே ஊட்டுல உக்காந்து மூனு வேளை சோறு திங்கறேன். எனக்குச் சொல்லோணும்னு உங்க ரெண்டு பேருக்கும் தோணல. வந்துட்டுப் போற ஒறம்பரையாட்டத்தான என்னை வெச்சிருக்கறீங்க?"

"இல்லீங்கண்ணி, நீங்க பயந்துக்குவீங்கன்னு..."

"பயந்து முடிச்சவ நானு. எனக்கு இன்னி என்ன பயம்?"

ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிறகு குரல் மாறிவிட்டது.

"கேளு அம்மிணி. வருசம் தவறாம கயிறு மாத்துனேன். ஒரு பதினெட்டு உடல. என்ற தாலி இன்னைக்கும் பொட்டியில பத்தரமா இருக்குது. குண்டுமணி ஒன்னுகூடத் தொலையல. அவியதான் இல்ல."

நான் ஈரத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நீ மொதல்ல போய் அவங்கிட்டச் சொல்லு. மறச்சுட்டுத் திரியாத. எந்த நாள்ல எது வருமோ, அன்னைக்கு ரெண்டு பேரும் ஒன்னா நிக்கோணும். எனக்கு அவிய சொல்லாமயே போயிட்டாங்க."

திரும்பி நடந்தோம். அவர் தேன் கடைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை முன்னால் நின்றிருந்தார். மகள் எலுமிச்சை ஜூஸ் வாங்கப் போயிருந்தாள். கிட்டே போனதும்தான் கவனித்தேன். பலகையை அவர் படிக்கவே இல்லை. சும்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, ஒன்னு சொல்லோணும்" என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஈரப் புடவையைப் பார்த்தார்.

"இதுக்கா காலைல இருந்து இப்படி ஓடிட்டு இருந்த?"

"சின்ன விசயமாங்க இது? திங்கக்கெழம ரிசல்ட் வரப்போகுது."

அவர் பலகையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே, "ரிசல்ட் வந்துருச்சு புள்ள" என்றார்.

ஆஸ்பத்திரி ஆப்பில் முந்தின நாளே வந்திருக்கிறது. ஆபீஸ் பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்து திறந்து படித்திருக்கிறார். தைராய்டில் கேன்சர். சின்னதுதான். "நெட்ல எல்லாம் பாத்தேன். ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்னுதான் போட்டிருக்கு. திங்கக்கெழம டாக்டர் பேசட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ பாட்டுக்கு ஆறு ஆறுன்னு ஆசையா இருந்தியா, இன்னைக்கு எதுக்கு..."

நான் கேட்டது ஒரே கேள்வி. இதை எழுதத்தான் எனக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது.

"நேத்து எத்தனை மணிக்குங்க வந்துச்சு?"

"நாலு, நாலேகால் இருக்கும். ஏன்?"

நேற்று நாலேகால். நான் இலையை விட்டது இன்று பதினோரு மணிக்கு. புருஷனுக்குக் கேன்சர் என்று கேட்ட அந்த நிமிஷத்தில் என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. என்னால் வரவில்லை, நான் கொண்டுவரவில்லை. அதற்குப் பிறகுதான் அவருக்கு வந்திருக்கிறது என்பதே எனக்கு உறைத்தது. அந்தச் சந்தை நடுவில், தேன் விற்கிறவள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். ஒன்றரை மணி நேரம் காரில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தும், அவர் முகத்தை நான் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தெருத் தெருவாக அவர் நின்று நின்று படித்ததும் நான் ஓடி ஓடித் தேடியதும் ஒரே பயத்துக்குத்தான்.

அண்ணி வந்து தம்பியின் தாடையைப் பிடித்துத் திருப்பிக் கழுத்தைப் பார்த்தார்கள். "இதானா? இதுக்குத்தான் ரெண்டு பேரும் பேயடிச்சாப்ல இருந்தீங்களா?" என்றார்கள். குரல் மட்டும் நடுங்கியது.

மகள் ஜூஸோடு வந்து, "அப்பா, ஆர் யூ சிக்?" என்று கேட்டாள். இங்கே பிறந்த பிள்ளை, பதில்தான் இங்கிலீஷில் சொல்லுவாள், காதில் விழுகிற தமிழ் ஒன்றும் தப்பாது. அவர் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஜூஸைக் குடிக்கவே இல்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "வாட் டஸ் இட் லுக் லைக்? தி தாலி?" என்றாள். பதிமூன்று வருடமாக நான் ரவிக்கைக்குள்ளேயே வைத்திருந்ததை என் பிள்ளை சரியாகப் பார்த்ததே இல்லை.

நாலு பேரும் ஆற்றுக்குப் போனோம். நான் ஈர மணலில் ஒரு குச்சியால் வரைந்து காட்டினேன். மகள் முதலில் இறங்கினாள், பிறகு அவர். அண்ணி கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போய் இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் துழாவினார்கள். காலையில் நிழலை விட்டு வராதவர்கள், வெயில் இறங்குகிற வரை கரையேறவில்லை. அந்த அதிகாரி திரும்பவும் வந்தார். கல்யாண மோதிரம் மாதிரி ஒன்று தொலைந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பாவம், பூட்ஸோடு ஓரத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் தேடினார். தீயை அணைக்கச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

கிடைக்கவில்லை. ஒரு குண்டுமணிகூடக் கிடைக்கவில்லை. மஞ்சள் துண்டு கட்டின கயிற்றோடுதான் வீட்டுக்கு வந்தேன். அதே கயிற்றோடுதான் அடுத்த மாதம் ஆபரேஷன் அறைக்கு வெளியே, அண்ணி ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்தேன். முருகன் காப்பாற்றினான். அவர் கழுத்தில் இப்போது ஒரு தழும்பு இருக்கிறது, தினமும் ஒரு மாத்திரை போடுகிறார், வேலைக்குப் போகிறார். புதுத் தாலி ஒன்று பிறகு கோயிலில் வைத்துக் கட்டினார்.

நான் கோயிலில் இரண்டு பேரிடம்தான் இதைச் சொன்னேன். அது கேட்டி, சுகர் லேண்ட் எல்லாம் சுற்றிவிட்டு வேறு கதையாக என்னிடமே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் ஆறு தாலியைக் கரையில் ஒதுக்கிவிட்டதாம். போலீஸ்காரர் முங்கி எடுத்துக் கொடுத்தாராம். தாலி கழுத்தில் ஏறின அன்றே கட்டி கரைந்துவிட்டதாம். கேட்டவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் மறுத்துப் பேசாமல் இருந்துவிட்டேன், கடவுள் கதைதானே என்று. போன மாதம் ஒரு பொண்ணு என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். சின்ன வயசு. டேகேரில் குழந்தையைத் தூக்கும்போது தாலிக்கயிறு அறுந்து எங்கேயோ விழுந்துவிட்டது, கிடைக்கவே இல்லை. "உங்களோடது திரும்பி வந்துச்சாமே ஆன்ட்டி, என்னோடது வரலையே, அவருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள். ஒரு வாரமாகத் தூங்கவில்லை அவள், புருஷனிடமும் சொல்லவில்லை. அவளை உட்கார வைத்து, நடந்தது நடந்தபடி சொன்னேன். அவள் போனதும் இந்த நோட்டை எடுத்தேன்.

அதனால் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால், தாராளமாகச் சொல்லுங்கள். பயந்துகொண்டிருக்கிற பெண்கள் நம்மைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இப்படியே சொல்லுங்கள். தாலி திரும்பி வரவில்லை, இன்னும் ஆற்றில்தான் கிடக்கிறது. நோய் என்கிற முடிவு அதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. டாக்டர் அறுத்து எடுத்தார், முருகன் கூட இருந்தான். என் வீட்டுக்காரர் இதோ பக்கத்து அறையில் உட்கார்ந்து போனில் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கும் என்று இதில் ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம், ஒரு சொல்லும் குறைக்க வேண்டாம்.